யாருக்காக இந்த டயட்? வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதின்வயதைத் தாண்டாத அல்லது இப்போதுதான் தாண்டிய பெண்களிடமிருந்தும், அவர்களுடைய அம்மாக்களிடமிருந்தும் வந்தவை. ஏறக்குறைய எல்லோரும் கேட்டது ஒரு டயட் சார்ட். அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இதில் சிலர்தான். மற்றவர்களிடம் நான் திருப்பிக் கேட்க நினைப்பது, இளைக்க வேண்டும் என்று ஏன் முடிவெடுத்தீர்கள், யார் சொல்லி முடிவெடுத்தீர்கள் என்பதுதான். ஒருவர் எப்படிச் சாப்பாட்டைக் குறைக்கிறார், எங்கே போய் நிற்கிறார் என்பதை அந்தக் காரணம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மேடம், நான் பி.காம். இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறேன். வயது 19, உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ. குரூப் போட்டோவில் நான் மட்டும் குண்டாகத் தெரிகிறேன். 45 கிலோவுக்கு வர வேண்டும். காலையில் வெறும் காபி, மதியம் மெஸ்ஸில் ஒரு கரண்டி சோறும் ரசமும், ராத்திரி வெள்ளரிக்காய் என்று இரண்டு மாதமாக இருக்கிறேன். 3 கிலோ குறைந்து அப்படியே நின்றுவிட்டது, முடி வேறு கொட்டுகிறது. ஹாஸ்டல் தண்ணீர்தான் காரணம் என்கிறாள் ரூம்மேட். நல்ல சார்ட் ஒன்று கொடுங்கள். – வாசகி, கோவை

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் கணக்கு) 22.4. இந்தியர்களுக்கென்று 2009ல் நம் மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் உலக அளவுகோலைவிடக் கறாரானது, அதன்படி பார்த்தாலும் 22.9 வரை இயல்புதான், கீழ் எல்லை உலக அளவுகோலில் 18.5. உங்கள் உயரத்துக்கு அது ஏறக்குறைய 46 கிலோவிலிருந்து 57 கிலோ வரை. நீங்கள் அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள், 3 கிலோ குறைவதற்கு முன்னாலும் கிட்டத்தட்ட அதை ஒட்டியே இருந்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் போக நினைக்கும் 45 கிலோ அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, எடைக்குறைவு என்று டாக்டர் எழுதும் பக்கம். நல்ல எடையிலிருந்து நோயாளியின் எடைக்குப் போக என்னிடம் வழி கேட்கிறீர்கள், அந்த சார்ட்டை நான் தர மாட்டேன்.

நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 600 கலோரி தேறுவது கஷ்டம். உட்கார்ந்தே வேலை பார்க்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 1,660 கலோரி, 46 கிராம் புரதம், 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. முடி கொட்டுவதற்குக் காரணம் உங்கள் ஹாஸ்டல் தண்ணீர் என்று ரூம்மேட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும், அதனால்தான் நிறையப் பேருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. வருகிற கொஞ்சம் சத்தை இதயத்துக்கும் மூளைக்கும் வைத்துக்கொண்டு முடியை விட்டுவிடுகிறது உடம்பு. எடை நின்றுபோனதும் அதே மாதிரி ஒரு தற்காப்புதான், செலவைக் குறைத்துக்கொண்டுவிட்டது.

அப்புறம் அந்தக் குரூப் போட்டோ. பசிபிக் கடலில் ஃபிஜி என்று ஒரு தீவு நாடு இருக்கிறது, நம் ஊர்க்காரர்களே கரும்புத் தோட்டத்துக்குப் போன நாடு. அங்கே பூர்வகுடி மக்களிடம் நன்றாகச் சாப்பிட்டுத் திடகாத்திரமாக இருப்பதுதான் அழகு, ஒரு பெண் இளைத்துப்போனால் வீட்டில் கவனிக்க ஆள் இல்லையோ என்று கவலைப்படுவார்கள். அதன் ஒரு பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. டிவி வந்த சில வாரங்களில் ஒருமுறை, 1998ல் ஒருமுறை என ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே பள்ளி மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார். உணவு சார்ந்த மனக்கோளாறுக்கான அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்ட மாணவிகள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகிவிட்டார்கள். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவர்கூட இல்லை, மூன்று வருடத்தில் 11.3 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பெண்கள். ஆனாலும் அவர்களுடைய பாட்டிகளுக்கு இல்லாத கவலை ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு குறைவு. அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சேனல். உங்கள் கையில் இருப்பது நீங்கள் எதில் ஒரு நொடி கூடுதலாக நின்றீர்கள் என்று பார்த்து அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும் ரீல்ஸ். இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனமே உள்ளுக்குள் செய்த ஆய்வு 2021ல் வெளியே வந்தது. தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

நாளைக் காலையிலிருந்து மெஸ்ஸில் இட்லியோ பொங்கலோ என்ன போட்டாலும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், சாம்பாரை நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். மதியம் சோறு, காய், தயிர். ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் தினமும் இருக்கட்டும். இரவும் சாப்பிடுங்கள். ரீல்ஸில் ‘ஒரே வாரத்தில் 5 கிலோ’ பக்கங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது 26, சென்னையில் ஐ.டி. வேலை. வரன் பார்க்கிறார்கள். இரண்டு இடத்தில் ‘பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு’ என்று தரகர் மூலமாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் 90 நாள் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டார். 64 கிலோ, 161 செ.மீ. எனக்கு உடம்பில் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சண்டை. போகலாமா? – வாசகி, சென்னை

போகலாமா வேண்டாமா என்பதைவிட உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. உங்களுக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்று ஒரு வரி கூட இல்லை. தரகர், மாப்பிள்ளை வீடு, அம்மா, பேக்கேஜ் என்று எல்லோரும் வருகிறார்கள், நீங்கள் மட்டும் வரவில்லை.

1985ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவ மாணவிகளிடம் ஒல்லியிலிருந்து பருமன் வரை வரிசையாக உருவப்படங்களைக் காட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். பெண்கள் தாங்கள் இப்போது இருப்பதாகச் சொன்ன உருவத்தைவிட, ஆண்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்த உருவம் ஒல்லி. ஆனால் ஆண்களிடமே கேட்டபோது அவர்கள் கைகாட்டியது பெண்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்பான உருவம். ஆக, இல்லாத ஒரு ஆணின் ரசனைக்கு ஏற்றபடி பெண்கள் இளைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் ஒரு ஆண் மட்டும் இல்லை, அவனுடைய அம்மா, அத்தை, சித்தப்பா, பஜ்ஜி தின்றுகொண்டே பெண்ணின் எடையைப் பற்றிப் பேசும் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. அவர்களில் யாருக்கும் உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்ற கவலை இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் 90 நாள் பட்டினி கிடந்து, கல்யாணமான வருடமே கர்ப்பமாகி, இரும்புச்சத்து இல்லாமல் மூச்சு வாங்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன், இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கனடாவில் 2004ல் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்கு உதவும். டயட் இருக்கும் பெண்களில் தோற்றத்துக்காக இருப்பவர்களையும் ஆரோக்கியத்துக்காக இருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோற்றத்துக்காக இருந்தவர்கள் கடுமையான வழிகளை அதிகம் நாடினார்கள், கட்டுப்பாட்டையும் அதிகம் மீறினார்கள், தங்கள் உடம்பின் மீது அவர்களுக்கு இருந்த வெறுப்பும் அதிகம். முகூர்த்தத் தேதியைக் குறித்துக்கொண்டு தொடங்கும் டயட் அந்தத் தேதியோடு முடிந்துவிடும், எடை திரும்பி வரும். வந்த பிறகு ‘கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்த’ என்று அதே கூட்டம் ஆல்பத்தைப் பார்த்துச் சொல்லும்.

உங்கள் பி.எம்.ஐ. 24.7, இந்திய அளவுகோலில் இயல்பைவிடக் கொஞ்சம் கூடுதல். மறைக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்த வேலை என்பதால் சர்க்கரை, தைராய்டு, இடுப்புச் சுற்றளவு (80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது) மூன்றையும் பார்த்துவிட்டு, தினமும் நடப்பதையும் வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியையும் ஆரம்பித்தால் போதும். அம்மாவிடம் சண்டை வேண்டாம், ஆனால் நேராகச் சொல்லுங்கள்: ‘அம்மா, அந்தப் பணத்தைத் திரும்பக் கேள். என் எடையைச் சொல்லி வேண்டாம் என்கிற வீட்டுக்கு நானும் வேண்டாம்னுதான் சொல்வேன்.’ அம்மாவுக்கும் அந்தக் காலத்தில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு திசையில் போகும்.

தோழியின் கல்யாணம் வருகிறது, என் பி.எம்.ஐ. 23. எடை குறைய வாரம் ஒருமுறை போடும் அந்த ஊசியை மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? – வாசகி, திருப்பூர்

கூடாது. அந்த மருந்துகள் பி.எம்.ஐ. 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவும் இருப்பவர்களுக்கும், டாக்டர் எழுதிக்கொடுத்து, அவர் கண்காணிப்பில் போட வேண்டியவை. சீட்டு இல்லாமல் தரும் கடைக்காரர் உங்களுக்கு வாந்தி நிற்காதபோது கூட வர மாட்டார்.

வயது 23. திங்கள் முதல் வெள்ளி வரை சோறு, சர்க்கரை எதுவும் தொடமாட்டேன், 900 கலோரிக்குள் முடித்துவிடுவேன். சனிக்கிழமை ஒரு வாய் வைத்தால் போதும், நிறுத்த முடியவில்லை, பிரியாணி, ஐஸ்கிரீம், வீட்டில் இருக்கும் மிக்சர் என்று வயிறு வலிக்கும் வரை போகிறது. அப்புறம் அழுகை. சில வாரமாக விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன். எனக்கு ஏன் இந்த அளவுக்கு மனவலிமையே இல்லை? – வாசகி, திருச்சி

ரொம்பக் கஷ்டப்பட்டு இதை எழுதியிருக்கிறீர்கள், எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு மனவலிமை நிறையவே இருக்கிறது, ஐந்து நாள் பசியோடு வேலைக்குப் போய் வருகிறீர்கள். பிரச்சினை அந்த ஐந்து நாளில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம், 1944–45ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக. எல்லோரும் ஆரோக்கியமான ஆண்கள், எடையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி கொடுத்தார்கள். நீங்கள் சாப்பிடுவதைவிட 700 அதிகம், கவனியுங்கள். எடையில் கால்வாசி போனது. அதைவிட முக்கியம் மனசுக்கு என்ன ஆனது என்பது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், தட்டை நக்கினார்கள், அதுவரை அடுப்படிப் பக்கம் போகாதவர்கள் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். எரிச்சல், சோகம், தனிமை. சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றதும் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள், உங்கள் சனிக்கிழமை மாதிரியே. பட்டினி போட்ட எந்த உடம்பும் செய்வதைத்தான் உங்கள் உடம்பும் செய்கிறது.

அதோடு ‘இன்னிக்குக் கெட்டுப்போச்சு, இனி என்ன’ என்ற நினைப்பு ஒன்று சேர்ந்துகொள்கிறது. 1975ல் ஒரு சோதனை. மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். டயட் இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்த வயிற்றுக்கு ஐஸ்கிரீமைக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது என்று தோன்றிய நொடியில் பசி, நிறைவு இரண்டுமே கேட்காமல் போய்விடுகின்றன. அதனால் ‘சோறே தொடமாட்டேன்’ என்ற விதியை முதலில் எடுங்கள். தினமும் மூன்று வேளை, நடுவில் ஒரு சிற்றுண்டி, நேரத்துக்கு. சனிக்கிழமை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டாலும் ஞாயிறு காலை டிபனைத் தவிர்க்க வேண்டாம், ஈடுகட்டும் பட்டினிதான் அடுத்த சனிக்கிழமையைத் தயார் செய்கிறது.

வாந்தி பற்றி. இதற்கு புலிமியா என்று பெயர், 1979லேயே மருத்துவத்தில் தனி நோயாக விவரிக்கப்பட்டது, சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகிறது. ஆனால் தள்ளிப்போட முடியாது. வாந்தியோடு பொட்டாசியம் வெளியேறும், அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வயிற்று அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும். (வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள், வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள்.) ஒரு மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்கு 24 வயது, 160 செ.மீ., 78 கிலோ, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது, மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். ‘உன் உடம்பை அப்படியே நேசி’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எதைக் கேட்பது? – வாசகி, சேலம்

டாக்டரைக் கேளுங்கள். உடம்பையும் நேசியுங்கள். இரண்டும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை, பிடித்தவர்களுக்குத்தானே நாம் நேரத்துக்குச் சாப்பாடு போட்டு மருந்து கொடுக்கிறோம்.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையிலோ பருமனிலோ இருக்கிறார்கள் என்கிறது அதே குடும்பநல ஆய்வு, அதனால் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எடையே ஒரு பொருட்டில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு இருக்கும் காரணம் நல்ல காரணம், அதை உங்கள் உடம்பே சொல்கிறது. ஆனால் 50 கிலோவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. பி.சி.ஓ.எஸ். இருப்பவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது, இன்சுலின் வேலை செய்வதும் மேம்படுகிறது. உங்களுக்கு அது 4 முதல் 8 கிலோ. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும் வைக்கவும். காலை டிபனோடு முட்டையோ பாசிப்பயறோ சேரட்டும், பிஸ்கட்டும் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போகட்டும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும், தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். எடைமெஷின் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், மாதவிடாய் வந்த தேதியைக் குறித்து வையுங்கள், எடையைவிட அதுதான் உங்களுக்குச் சரியான கணக்கு. குறைய மறுத்தால் மனசு விட்டுப்போகாதீர்கள், பி.சி.ஓ.எஸ்.ஸில் எடை மெதுவாகக் குறையலாம், மருந்தும் தேவைப்படலாம்.

என் மகளுக்கு 15 வயது. லீவில் யாரோ ‘ஏண்டி இப்படி ஊதிட்ட’ என்று கேட்டார்கள். அதிலிருந்து ஆறு மாதத்தில் 11 கிலோ குறைந்துவிட்டாள். உறவுக்காரர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள், எனக்கும் முதலில் சந்தோஷம்தான். இப்போது நான்கு மாதமாகத் தீட்டு வரவில்லை. எப்போதும் குளிருது என்கிறாள். யூடியூபில் சமையல் வீடியோவாகப் பார்க்கிறாள், எங்களுக்கெல்லாம் செய்து போடுகிறாள், தான் மட்டும் சாப்பிடுவதில்லை. கேட்டால் கோபம். – ஒரு அம்மா, மதுரை

அம்மா, மேலே மினசோட்டா இளைஞர்களைப் பற்றி எழுதியதைப் படியுங்கள். சமையல் புத்தகம் சேர்த்தவர்கள். உங்கள் மகள் சமையல் வீடியோ பார்ப்பதும் பரிமாறுவதும் அதே பசிதான். குளிர்வதும் தீட்டு நின்றதும் உடம்பு ஒவ்வொரு வேலையாக மூடிக்கொண்டு வருவதன் அடையாளம். பெண்களின் எலும்பு வலுவில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும், அவள் அதைச் சேர்க்கும் வயதில் இருக்கிறாள்.

இது அனோரெக்சியாவாக, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று, அதனால் பிடிவாதம் என்றோ வயசுக் கோளாறு என்றோ விட்டுவிட முடியாது. நீங்கள் செய்த தப்பு என்றும் நினைத்து உட்கார வேண்டாம், நோய் வந்திருக்கிறது. லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான ஒரு சிகிச்சை முறையில் அம்மா அப்பாதான் மருந்து மாதிரி. கொஞ்ச நாளைக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் கூடவே உட்கார்ந்து, திட்டாமல், கெஞ்சாமல், முடிக்கும் வரை இருப்பார்கள். பதின்வயதினருக்கு நன்றாகப் பலன் தருவது இந்த முறை. ஆனால் இதை நீங்களாகத் தொடங்காதீர்கள், ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பதும் ஆபத்து, டாக்டர் அளவு சொல்ல வேண்டும்.

வீட்டில் இன்றிலிருந்து யாரும் யார் உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது. பாராட்டும் கூடாது, ‘எலும்பும் தோலுமா இருக்க’ என்பதும் கூடாது, நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று உங்கள் வயிற்றைத் திட்டிக்கொள்வதும் இதில் சேரும். அவளுடைய அப்பாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். உறவுக்காரர் யாராவது ஆரம்பித்தால் அவள் எதிரிலேயே நிறுத்துங்கள்.

நாளைக்கே குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை, ஹீமோகுளோபின் இத்தனையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது மயங்கினாலோ அட்மிட் பண்ணச் சொல்வார்கள், பரீட்சை இருக்கிறது என்று தள்ளிப்போடாமல் சேர்த்துவிடுங்கள்.